34 நாட் என்றால் 62 கி.மீ.யா, 63 கி.மீ.யா?

நாட் (knot) என்பது காற்றின் வேகத்தை அளக்கும் ஓர் அலகு, ஒரு நாட் மணிக்கு 1.852 கி.மீ. கால்குலேட்டரில் 34ஐ 1.852ஆல் பெருக்கினால் 62.968 வரும். முழு எண்ணாக்கினால் 63. ஆனால் காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை நிலைகளாகப் பிரிக்கும் போஃபோர்ட் அளவுகோலின் அட்டவணையில் 8ஆம் நிலை 34 நாட் வேகத்தில் தொடங்குகிறது, பக்கத்துக் கட்டத்தில் மணிக்கு 62 கி.மீ. என்று இருக்கிறது. புயல் வகைப்பாட்டிலும் அதே 34, அதே 62. அச்சுப்பிழை என்று நினைத்து இதை 63 எனத் திருத்திவிடுகிறவர்கள் உண்டு. திருத்த வேண்டாம், 62தான் சரி.

காரணம் இதுதான். காற்றின் வேகத்தை முழு நாட் கணக்கில் பதிவு செய்கிறார்கள். 33 ஒரு நிலை, 34 அடுத்த நிலை என்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள உண்மையான எல்லை 33.5. அதை 1.852ஆல் பெருக்கினால் 62.04. நொடிக்கு மீட்டராக மாற்றினால் 17.23; போஃபோர்ட் அட்டவணையில் 8ஆம் நிலைக்கு 17.2 என்று இருப்பது அதனால்தான். 12ஆம் நிலையும் அப்படியே. 64 நாட் என்பதை நேரடியாக மாற்றினால் 118.5 கி.மீ., அதாவது 119 என்று எழுதத் தோன்றும். எல்லையோ 63.5. அது 117.6, முழு எண்ணில் 118. அட்டவணையும் 118 என்றுதான் சொல்கிறது.

ஆக, ஓர் அளவீட்டை மாற்றுவது வேறு, ஒரு வகையின் எல்லையை மாற்றுவது வேறு. கருவி 34 நாட் காட்டினால் 63 கி.மீ. என்று எழுதுங்கள். 34 நாட் முதல் புயல் என்ற விதியைக் கி.மீ. கணக்கில் எழுத வேண்டுமானால் அட்டவணையில் உள்ள 62ஐ எடுங்கள். இன்னும் நல்லது, வகைப்படுத்தும் வேலையை மூல அலகிலேயே முடித்துவிட்டு, பிறகு காட்டுவதற்காக மட்டும் மாற்றுவது.

இந்தக் குழப்பம் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹரிக்கேன்களை வகைப்படுத்தும் சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோலில் 4ஆம் வகை முன்பு 114 முதல் 135 நாட் வரை, மைல் கணக்கில் 131 முதல் 155 வரை, கி.மீ. கணக்கில் 210 முதல் 249 வரை இருந்தது. அறிக்கைகளில் வேகத்தை ஒவ்வோர் அலகிலும் ஐந்தின் மடங்காகத்தான் தருவார்கள். 115 நாட் வேகத்தில் வீசும் புயல் 4ஆம் வகை. அதையே மைலாக்கினால் 132.3, ஐந்தின் மடங்கில் 130. ஆனால் 130 மைல் என்பது 3ஆம் வகை! வகை பொருந்துவதற்காகவே 135 என்று கூட்டி எழுத வேண்டியிருந்தது. மேல் முனையில் 135 நாட் 250 கி.மீ. ஆகி 5ஆம் வகைக்குள் போய் விழுந்தது. 2012இல் இரு முனைகளையும் ஒவ்வொரு நாட் தள்ளி வைத்து, 113 முதல் 136 நாட், 130 முதல் 156 மைல், 209 முதல் 251 கி.மீ. என்று மாற்றினார்கள். புயல்களைப் பற்றிய அறிவியலில் எதுவும் மாறவில்லை. அலகு மாற்றத்தின் முழு எண்ணாக்கம் மட்டுமே அந்தத் திருத்தத்துக்குக் காரணம்.

காரணிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடல்மைல் சரியாக 1852 மீட்டர். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல். எனவே 1.852 என்பது தோராயம் இல்லை, துல்லியமான எண். நொடிக்கு மீட்டராக்க 1852ஐ 3600ஆல் வகுக்க வேண்டும், 0.514444 என்று முடிவில்லாமல் போகும். நிரலில் 0.5144 என்று எழுதாமல் 1852/3600 என்றே எழுதுவது நல்லது. எண் எங்கிருந்து வந்தது என்பது படிப்பவருக்கும் தெரியும். தரை மைல் சரியாக 1.609344 கி.மீ., மணிக்கு ஒரு மைல் சரியாக நொடிக்கு 0.44704 மீட்டர். ஒரு நாட் 1.1508 மைல் வேகம். நொடிக்கு ஒரு மீட்டர் என்பது 3.6 கி.மீ. வேகம் அல்லது 1.9438 நாட். ‘நாட்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘மணிக்கு’ இருக்கிறது, அதனால் ‘மணிக்கு 20 நாட்’ என்று எழுத வேண்டாம். அதுபோல 1967 முதல் கெல்வினுக்கு ‘டிகிரி’ கிடையாது. 300 கெல்வின், அவ்வளவுதான்.

மனக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. நொடிக்கு மீட்டரைக் கி.மீ. வேகமாக்க நான்கால் பெருக்கி அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 12 என்றால் 48, அதிலிருந்து 4.8 போனால் 43.2. இது தோராயம் இல்லை, 4 × 0.9 சரியாக 3.6. செல்சியஸைப் பாரன்ஹீட் ஆக்கவும் இதே உத்திதான்: இரண்டால் பெருக்கி, பத்தில் ஒரு பங்கு கழித்து, 32 கூட்டுங்கள். 23 டிகிரி 46 ஆகி, 41.4 ஆகி, 73.4இல் முடியும். பலர் சொல்லித்தரும் ‘இரட்டித்து 30 கூட்டு’ என்ற குறுக்குவழி 10 டிகிரியில் மட்டுமே சரி. 35இல் 95க்குப் பதிலாக 100 காட்டும். அதை மறந்துவிடலாம்.

எதிர்த்திசைக்கு, பாரன்ஹீட்டில் 32 கழித்து, பாதியாக்கி, அதன் பத்தில் ஒன்றையும் அந்தப் பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்றையும் கூட்டுங்கள். 95இல் 63 மிச்சம், 31.5 + 3.15 + 0.315 = 34.965. விடை 35. நாட் என்பதைக் கி.மீ. ஆக்குவதற்கு இவ்வளவு அழகான வழி இல்லை. இரட்டித்து 7 சதவீதம் கழித்தால் அரை சதவீதத்துக்குள் வரும்.

வெப்பநிலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த 32ஆல் வருவதுதான். வேகத்தின் பூஜ்யம் எல்லா அலகிலும் ஒரே பூஜ்யம், பெருக்கினால் போதும். வெப்பநிலையில் பூஜ்யமே இடம் மாறுகிறது. ஆகவே ‘எவ்வளவு டிகிரியில் இருக்கிறது’ என்பதற்கு ஒரு மாற்றம், ‘எவ்வளவு டிகிரி மாறியது’ என்பதற்கு இன்னொன்று. தமிழில் இந்த வித்தியாசம் ஒரு விகுதியில் நிற்கிறது. ‘வெப்பநிலை 10 டிகிரி குறைந்தது’ என்றால் 10 செல்சியஸ் வித்தியாசம், பாரன்ஹீட்டில் 18. ‘10 டிகிரியாகக் குறைந்தது’ என்றால் வெப்பமானி 10இல் நிற்கிறது, அது 50 பாரன்ஹீட். மாற்றிப் போட்டால் 32 டிகிரி பிழை. ‘2 டிகிரி உயர்வு’ என்பதை 35.6 பாரன்ஹீட் உயர்வு என்று மாற்றுவதும் இதே தவறுதான், 3.6 என்பதே சரி.

செய்தி எழுதும்போது இது கண்ணில் பட்டுவிடும். புள்ளிவிவரக் கோப்புகளில்தான் ஒளிந்துகொள்ளும். திட்ட விலக்கம் ஒரு வித்தியாசம், அதை 1.8ஆல் பெருக்குவதோடு நிறுத்த வேண்டும். மாறுபாட்டெண் அதன் வர்க்கம், 3.24ஆல் பெருக்க வேண்டும். இயல்பிலிருந்து விலகல், நாளின் உயர்–தாழ் இடைவெளி, முன்னறிவிப்பின் சராசரிப் பிழை எல்லாவற்றுக்கும் 1.8 மட்டும். உயரத்துக்கேற்ப வெப்பம் குறையும் வீதத்துக்கு இரண்டு மாற்றங்கள் சேரும்: கிலோமீட்டருக்கு 6.5 செல்சியஸ் என்பது 1.8ஆல் பெருகி 11.7, அதை 0.3048ஆல் பெருக்கினால் ஆயிரம் அடிக்கு 3.57 பாரன்ஹீட். கோப்பின் எல்லாப் பத்திகளுக்கும் ஒரே சூத்திரத்தை இழுத்துவிடும் பழக்கம்தான் இந்த இடங்களில் மாட்டவைக்கிறது. ‘விலகல்’ பத்தியில் எல்லா எண்ணும் 32க்குச் சற்று மேலும் கீழுமாகத் திரண்டிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

அடுத்தது முழு எண்ணாக்கம். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிகச் சுவையான பகுதி இதுதான். 78 பாரன்ஹீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செல்சியஸில் 25.56. அதை முழு எண்ணாக 26 என்று ஒருவர் சேமிக்கிறார். இன்னொருவர் அந்த 26ஐத் திரும்பப் பாரன்ஹீட் ஆக்குகிறார்: 78.8, அதாவது 79. அதே வழியில் 76 என்பது 24.4 ஆகி, 24 ஆகி, 75.2 ஆகி, 75 ஆகிவிடுகிறது. உண்மையில் இரண்டு டிகிரி இடைவெளியில் இருந்த இரு அளவீடுகள் இப்போது நான்கு டிகிரி தள்ளி நிற்கின்றன. எந்தச் சூத்திரமும் தவறில்லை, எந்தக் கருவியும் பழுதில்லை.

விதி எளிது. பதிவாகக்கூடிய அடுத்தடுத்த இரு எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் ‘படி’ என்று வைத்துக்கொள்வோம். போகிற அலகில் அந்தப் படி, புறப்பட்ட அலகின் படியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். முழு செல்சியஸ் முழு பாரன்ஹீட்டுக்குப் போய்த் திரும்பினால் அதே எண் கிடைக்கும், எதிர்த்திசையில் கிடைக்காது. முழு நாட் முழு கி.மீ. ஆகித் திரும்பலாம், ஒரு நாட் ஒரு கி.மீ.யைவிடப் பெரியது. முழு கி.மீ. முழு நாட் ஆனால் விவரம் தொலைந்தது. முழு நாட்டைத் தசம ஓரிலக்கத்தோடு நொடிக்கு மீட்டராகச் சேமித்தாலும் பாதுகாப்பு.

இதைத் துப்பறியவும் பயன்படுத்தலாம். 25 முதல் 35 வரையுள்ள முழு செல்சியஸ் எண்களைப் பாரன்ஹீட்டாக்கினால் 77, 79, 81, 82, 84, 86, 88, 90, 91, 93, 95 என்று வரும். 78, 80, 83, 85, 87, 89, 92, 94 ஒருபோதும் வராது. உங்கள் கையிலுள்ள பாரன்ஹீட் கோப்பில் ஆண்டுக்கணக்கில் ஒரு 83 கூட இல்லையென்றால் அது பாரன்ஹீட்டில் அளந்தது இல்லை, முழு செல்சியஸிலிருந்து மாற்றியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. முழு பாரன்ஹீட்டைத் தசம ஓரிலக்க செல்சியஸாக்கினால் கடைசி இலக்கம் 0, 6, 1, 7, 2, 8, 3, 9, 4 என்று சுற்றிச் சுற்றி வரும். 77 என்றால் 25.0, 78 என்றால் 25.6, 79 என்றால் 26.1. அந்தச் சுற்றில் 5 மட்டும் இல்லவே இல்லை. 25.5, 31.5 போன்ற எண்ணே தென்படாத செல்சியஸ் கோப்பைப் பார்த்தால், தசமம் இருக்கிறதே என்று 0.1 டிகிரித் துல்லியத்தை நம்பிவிடாதீர்கள். அதன் உண்மையான படி 0.56 டிகிரி.

முழு எண்ணாக்கும் முறையே மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. எக்செலின் ரவுண்ட் 2.5ஐ 3 ஆக்கும். பைதான் 3இன் ரவுண்ட் அதை 2 ஆக்கும், அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவதால். முழு எண் வகைக்கு மாற்றும் கட்டளையோ தசமத்தை வெட்டி எறியும்: 25.9 என்பது 25 ஆகும், −0.6 என்பது 0 ஆகும். அதாவது பூஜ்யத்துக்கு மேலே குளிராகவும், கீழே வெப்பமாகவும் சாய்ந்த ஒரு தொடர் கிடைக்கும். எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைத் தெரிந்து பயன்படுத்துங்கள்.

சொந்தமாக வானிலை நிலையம் அமைப்பவர்களுக்கு அலகுச் சிக்கல் கருவியிலேயே தொடங்கிவிடுகிறது. கிண்ணக் காற்றுமானி வேகத்தைத் தருவதில்லை, துடிப்புகளைத் தருகிறது. டேவிஸ் நிறுவனத்தின் கிண்ணக் காற்றுமானிக்குரிய சூத்திரம், துடிப்பின் எண்ணிக்கையை 2.25ஆல் பெருக்கி, எண்ணிய நொடிகளால் வகுப்பது. விடை மணிக்கு மைல். இரண்டேகால் நொடி எண்ணினால் துடிப்பின் எண்ணிக்கையே மைல் வேகம், அந்த எண்ணின் நோக்கமே அதுதான். பொழுதுபோக்குக் கருவிகளில் பரவலாகக் கிடைக்கும் இன்னொரு காற்றுமானியில் நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் 2.4 கி.மீ. வேகம். 2.25, 2.4 என்று இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் இங்கே தவறுவது மிக எளிது. முதலாவது மைல், இரண்டாவது கி.மீ. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதற்கு அப்படியே போட்டால் காற்று ஒன்றரை மடங்குக்குமேல் கூடியோ குறைந்தோ தெரியும், ஆனாலும் நம்பும்படியான வேகமாகவே தெரியும். இன்னொன்று: டேவிஸ் மானியை 3 நொடி எண்ணினால் ஒரு துடிப்புக்கு 0.75 மைல், அதாவது நொடிக்கு 0.34 மீட்டர். அதற்கிடையிலுள்ள வேகத்தை அந்தக் கருவி பார்க்கவே முடியாது. திரையில் 3.35 என்று இரண்டு தசமம் காட்டுவது பொய்த் துல்லியம்.

அலகே மாறாமல் எண் மாறும் இடங்களும் உண்டு. அவற்றை அலகு மாற்றம் என்று நினைத்துக் காரணி தேடுகிறவர்கள் பலர். உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடச் சராசரி. அமெரிக்கா புயல்களுக்கு ஒரு நிமிடச் சராசரியைத் தருகிறது, இந்தியா 3 நிமிடச் சராசரியைத் தருகிறது. ஒரே புயலுக்கு இரு மையங்கள் வேறு வேறு நாட் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதை. கடல்மேல் ஒரு நிமிடச் சராசரியைப் பத்து நிமிடத்துக்கு மாற்ற முன்பு 0.88 என்ற காரணி புழக்கத்தில் இருந்தது. இப்போது பரிந்துரைக்கப்படுவது 0.93. பழைய பதிவுகளோடு ஒப்பிடும்போது எந்தக் காரணி போட்டார்கள் என்று தெரியாமல் ஒப்பிடக் கூடாது. உயரமும் அப்படித்தான். திறந்த புல்வெளியில் 2 மீட்டரில் அளந்த வேகத்தை 10 மீட்டருக்குக் கொண்டுபோக, தரையின் சொரசொரப்பு 0.03 மீட்டர் என்று வைத்து மடக்கைக் கணக்குப் போட்டால் 1.38 மடங்கு வரும். வீடுகளும் மரங்களும் சூழ்ந்த இடத்தில் இந்த எண் செல்லாது.

அடுத்து, சூத்திரத்துக்குள் தவறான அலகு போகும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். குளிர்காற்றில் உடல் உணரும் வெப்பநிலைக்கான விண்ட் சில் சூத்திரம் 2001இல் நடைமுறைக்கு வந்தது: 13.12 + 0.6215 × வெப்பநிலை − 11.37 × வேகத்தின் 0.16ஆம் அடுக்கு + 0.3965 × வெப்பநிலை × வேகத்தின் 0.16ஆம் அடுக்கு. வெப்பநிலை செல்சியஸில், வேகம் கி.மீ. கணக்கில். −10 டிகிரியும் 30 கி.மீ. காற்றும் என்றால் −19.5 வரும். அதே காற்றை நாட் கணக்கில் 16.2 என்று போட்டால் −17.0. நொடிக்கு 8.33 மீட்டர் என்று போட்டால் −14.6. மூன்றுமே நம்பும்படியான எண்கள். எதைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வராது. 0.16 என்ற சிறிய அடுக்கு பிழையைச் சுருக்கி மறைத்துவிடுகிறது.

காற்றின் அழுத்தத்தில் இதற்கு நேர்மாறு. நொடிக்கு மீட்டரில் உள்ள வேகத்தின் வர்க்கத்தை 0.613ஆல் பெருக்கினால் பாஸ்கலில் அழுத்தம். 20 நாட் காற்று நொடிக்கு 10.3 மீட்டர், அழுத்தம் 65 பாஸ்கல். அந்த 20ஐ நொடிக்கு மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 245. ஏறத்தாழ நான்கு மடங்கு. காற்றாலைத் திறனில் வேகம் மும்மடி ஏறுவதால் பிழை ஏழு மடங்கைத் தாண்டும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சில. சி மொழியிலும் பைதான் 2இலும் 5/9 என்று எழுதினால் முழு எண் வகுத்தலில் பூஜ்யம் வரும், செல்சியஸ் எப்போதும் 0 ஆகிவிடும். இது உடனே தெரிந்துவிடும். 9/5 அவ்வளவு நல்லதில்லை, அது 1 ஆகி 30 செல்சியஸை 62 பாரன்ஹீட் என்று காட்டும். 5.0/9.0 என்று எழுதுங்கள். வானிலை மாதிரிகளின் கோப்புகளில் வெப்பநிலை பெரும்பாலும் கெல்வினில் இருக்கும். 273 கழிக்காதீர்கள், 273.15 கழியுங்கள். 273.16 என்பது நீரும் பனிக்கட்டியும் நீராவியும் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளி, 0.01 செல்சியஸ், அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. விமான நிலையங்கள் தரும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் காற்றுக்குப் பின்னே வரும் எழுத்துகளைப் படிக்காமல் எல்லாமே நாட் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ரஷ்யா, சீனா போன்ற நாடுகளின் அறிக்கைகளில் அது நொடிக்கு மீட்டர். அதே அறிக்கையில் வெப்பநிலைக்கு முன்னே வரும் ‘எம்’ என்ற எழுத்துதான் கழித்தல் குறி. அதை விட்டுவிட்டால் உறைநிலைக்கு ஐந்து டிகிரி கீழே இருப்பது ஐந்து டிகிரி மேலே ஏறிவிடும்.

அளவீடு இல்லாத இடத்தில் போட்டுவைக்கும் குறியெண்களை மாற்றத்துக்கு முன்பே நீக்குங்கள். −9999ஐ மாற்றிவிட்டால்கூடப் பரவாயில்லை, எண் அபத்தமாக இருப்பதால் பிடிபட்டுவிடும். −99.9 மோசம். அதைப் பாரன்ஹீட் என்று எடுத்து மாற்றினால் −73.3 செல்சியஸ். அண்டார்டிகாவில் உண்மையிலேயே பதிவாகக்கூடிய வெப்பநிலை அது, வரம்புச் சோதனையில் தாராளமாகத் தேறிவிடும்.

மாற்றும் நிரலை எழுதி முடித்ததும் சோதிக்க இந்த எண்கள் போதும். செல்சியஸ் −40 பாரன்ஹீட்டிலும் −40 ஆக வேண்டும். 0 என்பது 32, 25 என்பது 77, 100 என்பது 212. 0 மட்டும் தேறி 25 தவறினால் 9/5இல் கோளாறு. மற்றவை தேறி −40 மட்டும் தவறினால் குறியில் கோளாறு. 0 தவறினால் 32ஐக் கூட்டும் வரிசையில் கோளாறு இருக்கலாம். காற்றுக்கு 0 என்பது 0 ஆகவே வர வேண்டும், 900 நாட் நொடிக்கு சரியாக 463 மீட்டர் ஆக வேண்டும், நொடிக்கு 10 மீட்டர் மணிக்கு 36 கி.மீ. ஆக வேண்டும். பிறகு 1 முதல் 150 வரை ஒவ்வொரு முழு நாட்டையும் முழு கி.மீ. ஆக்கித் திருப்பிப் பாருங்கள். ஒன்றுகூட இடம் மாறக் கூடாது. மாறினால் எங்கோ அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போகாமல் தசமத்தை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.